லயத்தின் பின்பக்கம்

— ஷட்டர இறக்காதீங்க பாய். நான் சண்டைக்கு வரல.

— சண்டைன்னாலும் வாங்கிக்குவேன் ரஞ்சனியக்கா. மூணு நாளா தேவாலா பஜாரே வந்து திட்டிட்டுப் போகுது. இந்த செல்போன் கடைக்கு இப்ப எவன் ரீசார்ஜுக்கு வர்றான்? தவ்பீக் மூஞ்சியப் பாத்துக் காறித் துப்பத்தான் வர்றான்.

— துப்ப எனக்குத் தெம்பு இல்லீங்க. உங்க பேஸ்புக் பேஜ்ல ஒரு லைவ் போடணும். எங்கப்பா மண்ணுக்குள்ள கெடக்காருன்னு ஊருக்குச் சொல்லணும்.

— என் வாயாலயா? நல்லா இருக்கே.

— உங்க வாயாலதான். காலையில ஜேசிபி கெளம்பிருச்சு. ரோட்டு மேல விழுந்த மண்ண மட்டும் தள்ளிட்டு அடுத்த மண்சரிவுக்குப் போயிட்டாங்க. எங்க எஸ்டேட் லயத்து வீடுங்க மேல விழுந்தது அப்படியே கெடக்கு. "லயத்துல ஆளு இல்லம்மா, எல்லாரும் அன்னைக்கே ஸ்கூல் முகாமுக்கு வந்துட்டாங்க, உங்கப்பா கூடலூர்ல யாரு வீட்டுலயாச்சும் இருப்பாரு"ன்னு ஆபீசர் சொல்லுறாரு. எப்படிங்க தெரியும்னு கேட்டேன். உங்க வீடியோவ எடுத்துக் காட்டுறாரு.

— யா அல்லா.

— "மக்களே, நாலாம் நம்பர் லயத்துல ஒரு கீறல் கூட இல்ல, சனம் மொத்தமும் ஸ்கூல்ல பத்திரமா இருக்கு"ன்னு சொன்னீங்கல்ல. அதத்தான்.

— சொன்னப்ப அது நெசம் அக்கா. சத்தியமா. திருப்பூர்ல வேலை பாக்குற பிள்ளைங்க எல்லாம் போன் போட்டு அழுகுறாங்க. அப்பன் ஆத்தா இருக்காங்களா போயிட்டாங்களான்னு தெரியல. அவங்க பயம் போகட்டும்னுதான் போட்டேன்.

— அதுங்களுக்குப் பயம் போச்சு. எங்கப்பாவுக்கும் போச்சே. ஸ்கூல் தாழ்வாரத்துல ஒக்காந்து அதப் பாத்துட்டு எந்திரிச்சாரு. "வீடு கெட்டியா நிக்குது பாரு ரஞ்சனி. ஆடு சினையா இருக்கு, அவுத்துக்கிட்டு ஓடியாந்துடுறேன்"னாரு. கையப் புடிச்சேன். "தவ்பீக்கே சொல்லிட்டான், நீ என்ன பெருசா பேசுற"ன்னு ஒதறிட்டுப் போயிட்டாரு. போன கொஞ்ச நேரத்துல மேலருந்து மண்ணு எறங்கிருச்சு.

— என் பேரச் சொல்லியா போனாரு?

— பின்ன? போன வருசம் பாலத்த வெள்ளம் அடிச்சிட்டுப் போனப்ப எங்க லயத்து ஜானகி அந்தக் கரையில பிரசவ வலியோட கெடந்தா. நீங்க லைவ் போட்டுத்தானே தீயணைப்பு வண்டி வந்துச்சு, தாயும் புள்ளையும் பொழைச்சுது. அன்னையிலருந்து அவருக்கு டிவி செய்தி வேண்டாம். நீங்க சொன்னாப் போதும்.

— அந்தப் புள்ளைக்கு என்ன பேரு வைக்கலாம்னு என்கிட்ட வந்து கேட்டாங்க அக்கா. அப்ப ஏறுன தலக்கனம் எறங்கவே இல்ல. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் ரோட்டுல நின்னு லயத்து வாசலத்தான் எடுத்தேன். பின்னால தேயிலச் சரிவு. சுத்திப் போய்ப் பாத்திருந்தா வெடிப்பு தெரிஞ்சிருக்கும். ஒரே சேறு, அட்டைப்பூச்சி. புது ஷூ போட்டிருந்தேன். போகல.

— தெரியும்.

— தெரியுமா?

— திரும்பத் திரும்பப் பாத்துட்டேனே. வாசல் மட்டுந்தான் வருது. மழை வலுத்தா லயத்துல யாரும் வாசலப் பாக்க மாட்டாங்க பாய், பின்பக்கக் காவாயத்தான் பாப்பாங்க. தண்ணி கலங்கி வருதா, நின்னு போச்சான்னு. அப்படின்னா மேல மண்ணு சரியப் போகுதுன்னு அர்த்தம். எனக்கே அதச் சொல்லிக் குடுத்தது அப்பாதான். போன்ல வீட்டப் பாத்ததும் அவருக்கு அது மறந்து போச்சு.

— போலீசுல கூப்பிட்டு மிரட்டி அனுப்பிட்டாங்க அக்கா. இன்னொரு வாட்டி எதாச்சும் போட்டா வதந்தி கேசு. பேஜ்ல இருந்த சனமெல்லாம் ஓடிப் போச்சு. மிச்சம் இருக்கறவன் கெட்ட வார்த்தை எழுதறதுக்குன்னே இருக்கான். இப்ப நான் உள்ள ஆள் இருக்குன்னா எவன் நம்புவான்?

— நம்பாட்டியும் போடுங்க.

— இத்தன நாளாச்சு... இனி உசுரோட...

— உசுரோடன்னா நான் கேட்டேன்? ஸ்கூல்ல எங்கம்மா ஒக்காந்திருக்கு. பொட்ட அழிக்கறதா, வச்சிருக்கறதான்னு என்னையக் கேக்குது. அதுக்குப் பதில் சொல்லணும் பாய். வேற ஒண்ணும் வேண்டாம்.

— சரி... சரி, அழாதீங்க. கேசு வந்தா வரட்டும். டவர் ஒரு புள்ளிதான் காட்டுது, இப்படி வெளிப்படிக்கு வாங்க. நீங்க பேசறீங்களா?

— நீங்களே பேசுங்க. நான் இப்படி ஓரமா நின்னுக்கறேன்.

— மக்களே... இல்ல. வணக்கங்க. தேவாலா தவ்பீக் பேசறேன். அன்னைக்கு நான் போட்ட வீடியோ தப்பு. லயத்தோட பின்பக்கத்த நான் பாக்கவே இல்ல. அத நம்பி தங்கையான்னு ஒருத்தரு ஸ்கூல்லருந்து திரும்பப் போயிருக்காரு. அவரு மண்ணுக்குள்ளதான் இருக்காரு. ஜேசிபி திரும்ப வரணும். இதப் பாக்குற ஒவ்வொருத்தரும்...

— ஏன் நிறுத்திட்டீங்க?

— பாக்கறதுக்கு ஒருத்தர் கூட இல்ல அக்கா. சைபர்னு நிக்குது. போன வருசம் வாயத் தெறக்கறதுக்குள்ள ஆயிரம் பேரு இருந்தாங்க.

— நிறுத்தாதீங்க. பேசுங்க.

— இருங்க இருங்க, ஒண்ணு காட்டுது. ஒருத்தர் வந்துட்டாரு. பேரு... அக்கா! தங்கையான்னு வருது! போட்டோவும் அவருதான்! உங்கப்பா உசுரோட இருக்காரு அக்கா, எங்கயோ ஒக்காந்து நம்மளத்தான் பாத்துட்டு இருக்காரு!

— நான்தான் பாய், அப்பா போன்ல பாக்கறேன். சார்ஜ் ஏறட்டும்னு போன என் கையில குடுத்துட்டுத்தான் போனாரு.