தெரியாது என்று சொன்ன வாசல்

ஓடுகிறோம். கேழ்வரகு அறுத்த காடு. தாள் பாதத்தைக் குத்துகிறது. செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. பின்னால் ஓடு நொறுங்கும் சத்தம். டயர் எரியும் நாற்றம். முன்னால் யாரோ கத்துகிறார்கள்.

"ரோட்டுப் பக்கம் போவாதீங்க! ரோட்டுல நிக்கறாங்க! காட்டு வழியா ஓடுங்க!"

1991. டிசம்பர். காவிரித் தண்ணீருக்காக மூண்ட கலவரம் எங்கள் லைன் வீடுகளுக்கு வந்த காலை. வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில். வேலையும் கோயிலும் இந்தப் பக்கம், ஓசூரில். அதுவரை எல்லை என்று ஒன்று இருப்பதை நாங்கள் நினைத்ததே இல்லை.

என் பெயர் எஸ்தர். தையல்காரி. என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவன் தம்பி சாமுவேல். ஓசூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். அப்பாவும் அம்மாவும் சொந்த ஊரான கல்லாவியில் அடுத்தடுத்து இறந்துபோன பிறகு நான்தான் அவனை வளர்த்தேன். வீட்டை விட்டு வெளியே வந்த உடனே ஒரு கல் அவன் பின்மண்டையில் பட்டது. பெரிய சத்தம் இல்லை. தேங்காயைத் தரையில் வைப்பது போல ஒரு சத்தம். "ஒண்ணுமில்லக்கா" என்றான். ஓடினான்.

எங்களோடு லைன் வீட்டு ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். கல் உடைக்கிறவர்கள், பழக்கடை பாய் குடும்பம், கைக்குழந்தைக்காரிகள். எங்கே போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"எங்க கோயிலுக்குப் போலாம். பெரிய காம்பவுண்டு. கேட் இருக்கு. வாங்க!"

நான்தான் கூட்டிப்போனேன்.

அந்தக் கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தினேன். அந்த மாதப் பாடம் வாசல்கள். ஆட்டுத் தொழுவத்துக்குத் தாமே வாசல் என்று இயேசு சொன்னது. ஜீவனுக்குப் போகிற வாசல் இடுக்கமானது என்பது. கடைசியில் வரப்போகும் நகரத்தின் வாசல்கள் ஒருபோதும் அடைக்கப்படாது என்பது. பாடத்தை எனக்கு எடுத்துக்கொடுத்தவர் சபையின் மூப்பர், தேவராஜ் அண்ணன். அவர் மகளுக்கு அந்தப் பாடம் மனப்பாடம். கிறிஸ்துமஸுக்காகப் புது இரும்பு கேட் போட்டிருந்தார்கள். வெல்டிங் அவரே செய்தது. மேல் வளைவில் தொழுவத்து வாசல் வசனம், வெள்ளைப் பெயின்டில்.

கேட் கண்ணில் படுகிறது. காகித நட்சத்திரம் தொங்குகிறது. சாமுவேல் இப்போது ஓடவில்லை. என் தோளில் சாய்ந்து காலை இழுத்து நடக்கிறான். என் ரவிக்கை முதுகு நனைந்திருக்கிறது. வேர்வை என்று நினைத்தேன்.

கேட் பூட்டியிருந்தது. உள்ளே தேவராஜ் அண்ணன் நிற்கிறார்.

"அண்ணே! தொறங்கண்ணே! சாமுவேலுக்கு அடிபட்டுருச்சு!"

அவர் எங்களைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். சங்கிலியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. இரும்பில் இரும்பு இழுபடும் சத்தம்.

"யாரும்மா நீங்கல்லாம்? எனக்குத் தெரியாது. வேற எங்கயாச்சும் போங்க."

"அண்ணே, நான் எஸ்தர்ணே!"

"தெரியாதும்மா. போங்க."

இயேசு சொன்ன கதையில், கல்யாண வீட்டுக் கதவு அடைபட்ட பிறகு வெளியே நின்ற பெண்களுக்குக் கிடைத்த பதில் அதுதான். அவர்கள் விளக்குக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளாதவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாங்கள் எதை வைத்துக்கொள்ளவில்லை?

"வர்றாங்க! வர்றாங்க!" யாரோ கத்தினார்கள். யாரும் வரவில்லை என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியாது. கூட்டம் சிதறியது. பாய் சாமுவேலின் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மறுபடி காடு.

கெலமங்கலம் போகிற பக்கம் ஒரு ஆட்டுப்பட்டி. சுற்றிலும் முள்வேலி. உள்ளே போக ஒரு சந்து மட்டும். அதற்குக் கதவு இல்லை. ஆடு வைத்திருந்தவர் கன்னடக்காரர். தலையில் கம்பளி. அவர் பேசியது கன்னடம் என்று கேட்டதும் எங்கள் பெண்கள் பின்வாங்கினார்கள். அவர் ஆடுகளை ஓரமாக ஒதுக்கினார்.

"பன்னி, ஒளகே பன்னி" என்றார். உள்ளே வரச் சொன்னார். பிறகு எங்களுக்காகத் தமிழில், "பயப்படாதீங்க. நான் இருக்கறேன்" என்றார்.

எல்லோரும் உள்ளே போனதும் அந்தச் சந்தில் குறுக்கே உட்கார்ந்தார். தடியை மடியில் வைத்துக்கொண்டார். அவரைத் தாண்டாமல் ஒருவரும் எங்களிடம் வர முடியாது. அந்த வசனத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். வாசல் எப்படி ஒரு ஆளாக இருக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். அன்று பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை. எங்கள் சபையில் ஒருவர் அப்படி உட்கார்ந்திருக்கக் கூடாதா என்றுதான் வந்தது.

சாமுவேல் தண்ணீர் கேட்டான். குடித்தான். வாந்தி எடுத்தான். "அக்கா, வெளிச்சமா இருக்குதா?" என்று கேட்டான். உச்சி வெயில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக பஸ் இல்லை. லாரி இல்லை. பாய் வண்டி தேடி ஓடினார். அவர் மாட்டுவண்டியோடு திரும்புவதற்கு முன் என் மடியில் அவன் தலை கனத்துப்போனது.

அடக்கத்துக்குக் கோயிலுக்கே கொண்டுபோனோம். வேறு கல்லறை எங்களுக்கு இல்லை. பெட்டி வருகிறது என்றதும் கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தார்கள். தேவராஜ் அண்ணன் பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுக்க வந்தார். நான் தடுத்தேன்.

"என்னத் தெரியாதுன்னீங்களேண்ணே."

அவர் அழுதார். "தெரியும்னு சொல்லியிருந்தா தொறக்க வேண்டி வந்திருக்கும்மா. உங்களத் தொரத்திட்டு வர்றவங்க கோயிலக் கொளுத்திருவாங்கன்னு பயந்தேன்."

கோயிலை யாரும் தொடவில்லை. ஒரு ஓடு உடையவில்லை. நட்சத்திரம் கிழியவில்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஆராதனை நடந்தது. நான் போகவில்லை. அதற்குப் பிறகும் அங்கே போகவில்லை. ஜெபிக்கிறேன். வீட்டில்.

போனவற்றைச் சொல்கிறேன். மறக்கக் கூடாது என்பதற்காக. லைன் வீடு, கூரையோடு. என் தையல் மெஷின். ஊரார் தைக்கக் கொடுத்திருந்த கிறிஸ்துமஸ் துணிகள். பாயின் பழக்கடை. கல் உடைக்கும் முனியம்மாவின் கணவர்; அவர் எங்களோடு ஓடி வரவில்லை, பிறகும் வரவில்லை. நான் பாடம் நடத்திய பிள்ளைகள். அண்ணன் என்று நான் கூப்பிட்ட ஒரு மனிதர்; உயிரோடுதான் இருக்கிறார், ஆனால் இந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

சாமுவேல். வயது பத்தொன்பது.