ஐஸ் கொடுக்கும் கந்தோர்

“கம்பியூட்டர் படிச்ச என்ரை மகள் இப்ப ஐஸ் குடுத்துக்கொண்டு நிக்கிறாள், அக்கா.”

மயிலிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்த பெண் இப்படிச் சொன்னதும், பார்த்துக்கொண்டிருந்த போனை மடியில் வைத்துவிட்டேன்.

“என்ன கதை கதைக்கிறாய்? அவளுக்குக் கந்தோரிலை எல்லோ வேலை?” என்றார் அவர் பக்கத்திலிருந்த மூத்த பெண்.

“ஓம், கந்தோர்தான். எங்கடை பழைய ஐஸ் பக்டரியைத்தானே கம்பியூட்டர் கொம்பனிக்காரர் கண்ணாடி போட்டு, ஏசி பூட்டிக் கந்தோர் ஆக்கினவை. சுவரிலை ‘ஐஸ்’ எண்டு கிடந்த பெரிய எழுத்து வடிவா இருக்கெண்டு, அதை மட்டும் அழிக்காமல் விட்டிட்டினம்.”

“விட்டால் என்ன?”

“அதைப் பாத்திட்டு வெளியூரிலையிருந்து கடல் தொழிலுக்கு வாறவை காலமையிலை மீன்பெட்டியோடை வந்து நிக்கினம். இல்லை இல்லையெண்டு சொல்லிக் களைச்சுப் போய், கந்தோர்ப் பிள்ளையள் ஒரு பெரிய பிறீசர் வேண்டி வைச்சிட்டுதுகள். முறை போட்டுக் குடுக்குதுகள். போன வெள்ளி இவளின்ரை முறை. இவளுக்குப் பேசியிருக்கிற குருநகர் மாப்பிள்ளையின்ரை தகப்பன் கண்டிட்டார்.”

“ஐயோ! கந்தோர் வேலையெண்டு நீ சொன்னதைப் பொய்யெண்டு நினைச்சிருப்பாரே!”

“எங்கை நினைக்கிறது? அவரும் பெட்டியோடை வரிசையிலை நிண்டவர்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப சம்பந்தம்?”

“சம்மதமாம். கலியாணத்துக்குப் பிறகும் பிள்ளை வேலையை விடக்கூடாதாம்.”

“நல்ல மனுசன். கம்பியூட்டர் வேலையின்ரை அருமை தெரிஞ்சிருக்கு.”

“அதை ஆர் கேட்டது, அக்கா? அவர் சொன்னது ஐஸ் வேலையை.”