நலேடியின் சரிபாதி

என் பெயர் மொலெஃபி. ரொட்டியை வெட்டுமுன் கத்தியை அதன்மேல் கிடத்தி நடுவிடம் பார்த்துக்கொள்வது என் வழக்கம். இரண்டு குவளைகளில் தேநீர் ஊற்றினால், குனிந்து கண்ணை விளிம்பிற்கு நேரே வைத்து ஒப்பிடுவேன். இதைக் கஞ்சத்தனம் என்றாள் என் மனைவி செயிபோனெ. நியாயம் என்றேன் நான். இந்தக் கருத்து வேறுபாடு முற்றியதனால்தான், தலைவரே, ஊர்மன்றமாகிய இந்தக் கோட்லாவில் மணவிலக்குக் கேட்டு உங்கள் முன் வந்து நின்றோம்.

சொத்தும் கடனும் சரிபாதி என்று நீங்கள் உரைத்தபோது உள்ளம் குளிர்ந்தவன் நான் ஒருவனே. வீட்டின் நடுவே சுவர் எழுப்ப இசைந்தோம். ஆடுகளைப் பிரித்தோம். தவணையில் வாங்கிய சோபா அவளுக்குச் சென்றது. அதன் கடனிலோ பாதி என் தலைமேல் நின்றது. ஆகவே கடன் தீரும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து அதில் அமர்வேன் என்றேன்.

“வா, வந்து உக்காரு. நீ உக்கார்ற பாதியில கோழிய அடைச்சு வைக்கிறேன்” என்றாள்.

அவளுடைய தாய்மாமன் மோட்சுமி, “மாப்ளே, பொண்டாட்டிய விட்டாலும் சோபாவ விடமாட்டே போலிருக்கே” என்றார். எல்லாரும் சிரித்தனர். நானும் சிரித்தேன், அளவாக.

மாடுகளும் இரண்டாகப் பிரிந்தன. நலேடி மட்டும் ஒற்றையாக மிஞ்சிற்று. நெற்றியில் வெள்ளை விண்மீன் கொண்ட கறுப்புப் பசு. அதனை யாருக்குத் தருவது என்பதை இருவீட்டுப் பெரியோரும் சனிக்கிழமை என் முற்றத்தில் கூடி முடிவு செய்யட்டும் என்றீர்கள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது ஊரறிந்தது. செயிபோனெ “வா தாயி” என்று ஒரு குரல் கொடுத்தால், முட்புதருக்கு அப்பாலிருந்தும் அது ஓடிவரும். ஆண்டுக்கணக்காக உள்ளங்கையில் உப்பு ஊட்டியவன் நான். உப்பை நக்கிவிட்டு அவள் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஒருமுறை வாளியை உதைத்தது, ஒருமுறை என்னை. நான் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. முழங்கால்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

கூட்டம் என் முற்றத்தில் என்றால் விருந்தும் என் பொறுப்பு. உப்பிட்டு வேகவைத்து இடித்த மாட்டிறைச்சி இல்லாமல் இரு வீட்டாரையும் உட்காரவைக்க இயலுமா? உயிருள்ள பசுவுக்குப் பாதி என்பதும் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்து நிதானமாக ஆராய்ந்தேன். வேறு வழி புலப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மாட்டுப்பட்டிக்குச் சென்றேன். அழைத்தேன், வரவில்லை. ஆகவே செயிபோனெ விட்டுச்சென்ற சால்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு, குரலை மெலிதாக்கி, “வா தாயி” என்றேன். வந்தது. என் தோளில் முகத்தைச் சாய்த்தது. அதுவே முதன்முறை. சற்றுநேரம் அப்படியே நின்றோம். பிறகு வேலையைத் தொடங்கினேன்.

விருந்து குறைவின்றி நடந்தது. எங்கள் மகன் கபோவின் பெயரைச் சொல்லித்தான் செயிபோனெ என்னை அழைப்பாள்.

“கபோ அப்பா, கறி பஞ்சாட்டம் இருக்கு. இப்படி ஆக்கத் தெரியும்னு சொல்லியிருந்தா உன்ன விட்டிருக்க மாட்டேனே. இன்னும் கொஞ்சம் வை. அளக்காம வை.”

அளக்காமலே வைத்தேன்.

வேறொருவனாயின் தலையைப் புதைத்திருப்பான். எனக்கு மனம் ஒப்பவில்லை. மாடு அறுத்த வீட்டில் தலை தாய்மாமனுக்கு உரியது. என் தாய்மாமன் காலமாகிவிட்டார்; அவையில் இருந்த ஒரே தாய்மாமன் மோட்சுமி. தோலுரிக்காத தலையைத் தாம்பாளத்தில் வைத்து, துணியால் மூடி, இரு கைகளாலும் அவர்முன் வைத்தேன்.

அவர் துணியை நீக்கினார். மெல்லுவதை நிறுத்தினார்.

“இந்த மொகத்த எனக்குத் தெரியுமே” என்றார்.

செயிபோனெ எட்டிப் பார்த்தாள். தட்டைத் தரையில் வைத்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்: “அது உன் கொரலுக்கு வராதே. எப்படி வந்துச்சு?”

சால்வை உட்பட உள்ளதைச் சொன்னேன். அதன் பிறகே அழுதாள்.

“தலைய மறைச்சிருந்தா தப்பிச்சிருப்பியேடா, மடையா” என்றார் மோட்சுமி.

“முறை தவறலாமா, மாமா?” என்றேன்.

தலைவரே, கொன்றவன் நானே, ஒப்புக்கொள்கிறேன். பொறாமையால் கொன்றேன் என்று மோட்சுமி சொல்வதை மட்டும் மறுக்கிறேன். பங்கீட்டின்பொருட்டே செய்தேன். அவள் இரண்டு தட்டு உண்டாள். எனக்கு ஒரு வாயும் இறங்கவில்லை. பார்க்கப்போனால், பங்கில் குறைந்தவன் நானே.

இப்போது நலேடியின் கன்றைப் பற்றிக் கேட்கிறீர்கள். தாயோடு சேர்ந்ததென்று அன்று அதைத் தனியே எண்ணவில்லை. பால்குடி மறவாத கன்று, பட்டியில் கத்திக்கொண்டிருக்கிறது. நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வீட்டில் என் பாதியையும் என் ஆடுகளையும் செயிபோனெக்கே கொடுத்துவிடுங்கள். சோபாவின் கடன் முழுவதையும் நானே ஏற்கிறேன். கன்றை மட்டும் எனக்குத் தாருங்கள், முழுதாக. என்னைக் கண்டால் அது ஓடுகிறது. இளங்கன்றுதானே. சால்வை இல்லாமலே வரப் பழக்கிவிடுவேன்.