ஏலத்துக்குப் போகாத மோரிஸ்

எங்கள் மாதாகோவில் தெருவில் வத்தல் காயப்போட என் வீட்டு மொட்டைமாடியைவிடத் தோதான இடம் கிடையாது. வத்தல் போட்டால் காக்காய் விரட்ட ஆள் வேண்டும். ஆள் என்றால் அங்கேயே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எதிர்வீட்டுக் கார் ஷெட் கண்ணில் படத்தான் செய்யும். இதை வைத்துக்கொண்டு நீடாமங்கலம் முழுக்க, அமலி எட்டிப் பார்க்கிறவள் என்று பேச்சு. நான் யார் விஷயத்திலும் தலையிடுகிறவள் இல்லை. ஒரே ஒரு தடவைதான் தலையிட்டேன். அதுவும் நல்ல எண்ணத்தில்.

எதிர்வீடு பெரியநாயகசாமி சாருடையது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் சான்ட்ரா பெங்களூரில். வீட்டில் மிச்சம் இருந்தது அவரும் ஒரு பழைய மோரிஸ் மைனர் காரும்தான். சாம்பல் நிறம், தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. தினமும் அதைத் துடைப்பார். கட்டின பெண்டாட்டியை அப்படிப் பார்த்துக்கொண்டாரா என்று கேட்டால் எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ஷெட்டில் கூட்டம் சேரும். பட்டுக்கோட்டையிலிருந்து தேங்காய் மண்டி அய்யாவு தன் பழைய ஹெரால்டு காரில் வருவார். பாதி நாள் பஸ்ஸில் வருவார், ஹெரால்டு வழியில் நிற்கும். கூத்தாநல்லூர் அப்துல் வஹாப் பாய் ஆஸ்டினில் வருவார், பின்சீட்டில் சமோசாவோடு. வண்டிக்கும் பொழுது போகட்டும் என்று சார் ஷெட்டிலேயே ஒரு டிவி மாட்டியிருந்தார். அதில் அமெரிக்காவில் பழைய கார்களை ஏலம் விடுகிற நிகழ்ச்சி ஓடும். தொப்பி போட்ட ஆள் மூச்சு விடாமல் கத்துவான். இவர்கள் மூவரும் அவனைவிடச் சத்தமாகக் கருத்துச் சொல்வார்கள்.

அய்யாவுக்கு அந்த ஏலமே ஆகாது. அது அடிமாட்டுச் சந்தை, மாட்டுக்குப் பதில் கார், அவ்வளவுதான் வித்தியாசம் என்பார். டிவியில் இதைக் காட்ட ஆரம்பித்த பிறகு, வைக்கோல் போருக்கடியில் துருப்பிடித்த பானெட் வைத்திருக்கிறவன்கூட வானத்தைத் தொடுகிற விலை சொல்கிறான் என்று அவருக்கு ஆத்திரம். பாய் நேர் எதிர். ஏலம் இல்லாவிட்டால் இந்த வண்டியெல்லாம் எடைக்குப் போயிருக்கும், டிவிதான் அதுகளுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது என்பார். சார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே வார்த்தை சொல்வார்.

“ஏலத்துல போற வண்டி அப்புறம் ரோட்டப் பாக்காதுய்யா. கண்ணாடி ரூம்ல நின்னே செத்துடும்.”

இன்னொன்றில் மூவருக்கும் ஒரே எண்ணம். வண்டியில் எதையும் மாற்றக்கூடாது. பழைய பெயின்ட், பழைய சீட், பழைய ஒயர், எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்க வேண்டும். ‘ஒரிஜினல்’ என்பதை அவர்கள் சொல்லும்போது நற்கருணை வாங்குகிற முகம் இருக்கும். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் வைக்கலாம், ஒரிஜினல் போனால் ஆண்டவரே வந்தாலும் திருப்பித் தர முடியாது என்று பாய் ஒருநாள் சொன்னார். மோரிஸின் சீட்டுக்குள் அந்தக் காலத்து நார் அடைப்பு அப்படியே இருந்தது. ஒயர் எல்லாம் துணி சுற்றினது. நான் காக்காய் விரட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மாடியிலிருந்தபடியே நானும் ஒரு கருத்துச் சொன்னேன். நம் கோவில் திருவிழாவில் காணிக்கைப் பொருளை ஏலம் விடும்போது, அண்ணன் தம்பிக்குள் பகை இருந்தால் பூசணிக்காய் எட்டு மடங்கு விலைக்குப் போகும். அது காய்க்குக் கொடுக்கிற விலை இல்லை, பார்க்கிறவர்களுக்காகக் கொடுக்கிற விலை. டிவி ஏலமும் அதுதானே என்றேன்.

அய்யாவு நிமிர்ந்து பார்த்தார். “அமலியம்மா, இது பூசணிக்கா இல்ல. நீங்க வத்தலப் பாருங்க, காக்கா தூக்கிடப் போவுது.”

மூவரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமை, அன்று சார் என்ன சட்டை போட்டிருந்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து ஒரு டிவி சேனலின் ஆட்கள் வந்தார்கள். அமெரிக்காவில் நடப்பது போல இங்கேயும் கார் ஏலம் நடத்தப் போகிறார்களாம், தீபாவளி முடிந்து நேரடி ஒளிபரப்பாம். மோரிஸைச் சுற்றிச் சுற்றி வந்து, சீட்டைத் தொட்டுப் பார்த்து, ஒரிஜினல் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். அடிமாட்டுச் சந்தை என்ற அய்யாவு அன்று தலையை வாரிக்கொண்டு கேமரா பக்கமே நின்றார். பாய் ஆனந்தத்தில் இரண்டு தட்டு சமோசா கூடுதலாக வாங்கினார். மோரிஸை ஏலத்துக்குக் கொடுக்க சார் சரி என்று தலையாட்டிவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அன்று சாயங்காலம் சார் ஸ்பீக்கரில் போட்டு மகளோடு பேசினார். வண்டி போனதும் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூர் வந்துவிடுங்கள் என்றாள் சான்ட்ரா. “ஆமாம்மா, அப்பறம் எனக்கு இங்க என்ன இருக்கு” என்றார் சார்.

எதிரே என் மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். ஏலத்துக்குப் போன வண்டி செத்துவிடும் என்று வருஷக்கணக்காகச் சொன்னது யார்? அவரேதான். அவர் சொன்னதை அவரே மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை. அந்த வண்டிக்காக யோசிக்க ஓர் ஆளாவது வேண்டாமா?

சாரின் ஷெட்டுக்குப் பின்னால் வயல். குறுவை அறுவடையானதும் வயல் எலியெல்லாம் வீடுகளைத் தேடி வரும். அதனால் வருஷா வருஷம் எலி பிடிக்கிற செல்லதுரையைக் கூப்பிட்டு ஷெட்டைச் சுற்றிக் கிட்டி வைப்பார். கிட்டி என்பது மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டி, ஊறவைத்த அரிசி வைத்த பொறி. எலி வாய் வைத்ததும் வில் தெறித்துக் கழுத்தை இறுக்கிவிடும். எங்கள் பக்கத்தில் செல்லதுரை கட்டின கிட்டிக்குத் தப்பின எலி கிடையாது என்பார்கள்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கொடியேறியதும் சார் அங்கேயே தங்கி ஜெபம் செய்யப் போவது வழக்கம். கிளம்பும்போது ஷெட் சாவியை என்னிடம்தான் கொடுப்பார்.

“ஒன் கண்ணத் தாண்டி எறும்புகூட உள்ள போவாது அமலி. அந்த தைரியத்துலதான் போறேன்.”

உண்மைதான். என் கண்ணைத் தாண்டி எதுவும் போகவில்லை. எல்லாம் என் கண்ணெதிரேதான் போயின.

சார் பஸ் ஏறிய மறுநாள் பட்டப்பகலில் போய் ஒவ்வொரு கிட்டியாகக் கயிற்றை அவிழ்த்து வைத்தேன். வண்டியின் பின் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். சீட்டுக்கடியில் ஒரு படி புதுநெல்லும் நாலு கருவாட்டுத் தலையும் போட்டேன். ஷெட் கதவு ஓரத்துச் செங்கல் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. அதை ஆட விடாமல் எடுத்துவிட்டேன்.

பிறகு எலிகள் தங்கள் வேலையைப் பார்த்தன. நான் தினமும் போய்ப் பார்த்தேன். சாவியை நம்பிக் கொடுத்திருக்கிறாரே, பார்க்காமல் இருக்க முடியுமா? துணி சுற்றிய ஒயர் அதுகளுக்கு அவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே தெரியாது. நார் அடைப்பை இழுத்துப்போட்டு ஒன்று பின்சீட்டில் குட்டி போட்டது. ரோஜா நிறத்தில், விரல்நுனி அளவு. வெயில் கடுமை என்பதால் சிரட்டையில் தண்ணீர் வைத்தேன். வாயில்லா ஜீவன்கள் பாருங்கள்.

மாதா திருநாள் முடிந்து சார் வந்தார். கதவைத் திறந்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் காபியோடு போனபோது கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிடி நார். அழவில்லை. கடித்த ஒயர்களை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார், குழந்தை உடைந்த பொம்மையை வைத்துப் பார்க்குமே, அதுபோல. காபியை ஆற்றித்தான் கொடுத்தேன்.

செய்தி கேட்டு மற்ற இருவரும் ஓடி வந்தார்கள். பாய் மய்யித்து வீட்டில், அதாவது சாவு வீட்டில், சொல்கிற வார்த்தையை முணுமுணுத்தார். அய்யாவு, “டிவி ஏலத்துல போயிருந்தாலும் இந்தக் கதிதான். அங்க ரெண்டு கால் எலி” என்றார். கருத்துச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சேனலில் இருந்து ஒரு பெண் வந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்தியபடி ரொம்ப மரியாதையாக வருத்தம் தெரிவித்துப் போனாள்.

செல்லதுரையைக் கூப்பிட்டு விட்டார்கள். அவன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கிட்டியாகத் திருப்பிப் பார்த்தான்.

“எலிக்கு முடிச்சு அவுக்கத் தெரியாதுங்க ஐயா.”

அதற்கு நான்தான் பதில் சொன்னேன். “எலிக்குத் தெரியாதது என்னப்பா இருக்கு? கட்டுறப்ப இறுக்கிக் கட்டிருக்கணும்.”

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் கிட்டிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டான். இப்போது எங்கள் பக்கத்தில் யாரும் அவனைக் கிட்டி வைக்கக் கூப்பிடுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்குக் கேக் கொடுத்துவிட்டேன். திருப்பி அனுப்பிவிட்டான். ஏழைக்கு இவ்வளவு வீம்பு கூடாது.

மற்றபடி எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கிறது. வண்டி கண்ணாடி அறைக்குப் போகாமல் தப்பித்தது. அதை இந்தக் கோலத்தில் விட்டுவிட்டு எங்கே வருவது என்று சார் பெங்களூர்ப் பேச்சை எடுப்பதே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஷெட்டில்தான். கண் சரியாகத் தெரியாததால் ஒயரைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. நான் பிடித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்கள். போன வாரம் ஏலத்தில் ஒரு பச்சை வண்டி வந்தபோது, “நீ என்ன சொல்ற அமலி” என்று சாரே கேட்டார்.

அதற்கப்புறம் நான் வத்தலே போடவில்லை.

சான்ட்ராதான் விடுவதாக இல்லை. பொங்கலுக்குப் புதுக் காரில் வந்து அப்பாவைக் கையோடு அழைத்துப் போகப்போகிறாளாம். காரை ஷெட்டில்தான் நிறுத்துவாள். ஷெட் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அப்பா மகள் விஷயத்தில் நான் ஏன் தலையிடப் போகிறேன்? தை பிறந்தால் சம்பா அறுவடை, எலிகள் தாமாகவே வரும். கருவாடு மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.