வீட்டுக் காபியில் கண்ட மிச்சம்

வீட்டில் காபி போட்டால் காசு மிச்சமாகுமா என்று நேபிள்ஸில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை ஐயா, கணக்குப் போட்டேன். கீழே பாரில், எங்கள் ஊரில் காபிக்கடையைத்தான் அப்படிச் சொல்வோம், நின்றபடி குடித்தால் ஒரு யூரோ இருபது. நானும் என் மனைவி தித்தீனாவும் வீட்டிலேயே குடித்தால், அறுநூறு யூரோ கொடுத்து வாங்கிய காபி எந்திரம் ஒரே வருடத்தில் போட்ட காசை எடுத்துவிடும்.

அந்தக் கணக்கில் அவள் தம்பி தொனாத்தோ இல்லை. வீடு தேடி வந்தவனுக்குக் காபி இல்லையென்று எங்கள் ஊரில் சொல்ல முடியாது, மானம் போய்விடும். தினமும் வந்தான். கூட்டாளிகளையும் இழுத்து வந்தான்.

"கஞ்சன் கையால போட்டா காபி இப்படித்தான் கசக்கும்," என்பான். "பார்லயே குடிக்கலாம்தான். ஆனா உங்க மூஞ்சி போற போக்கைப் பாத்துக்கிட்டே குடிக்கிற சுகம் அங்க ஏது?"

அன்று தித்தீனா சந்தைக்குப் போயிருந்தாள், தொனாத்தோ தனியாக வந்திருந்தான். ஒரு மடக்குக் குடித்துவிட்டு மீதியைத் தொட்டியில் கொட்டினான்.

"இன்னொண்ணு போடுங்க. இந்தத் தடவையாவது மனசாரப் போடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபித்தூள் அடைத்து எந்திரத்தில் செருகும் கைப்பிடி பித்தளை, நல்ல கனம். முதல் அடி காதுக்கு மேல் விழுந்தது. "அத்தான்" என்றான், என்னை அப்படிக் கூப்பிட்டு வெகுகாலமாகியிருந்தது. இரண்டாவதில் மண்டை உடைந்தது. மூன்றாவது தேவையில்லை, ஆனாலும் அடித்தேன். மாடிப்படியில் உருட்டிவிட்டேன். வழுக்கி விழுந்தான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

எழவு வீட்டுக்கு எங்கள் ஊரில் காபித்தூளும் சர்க்கரையும் கொண்டுவருவார்கள். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், அவன் கூட்டாளிகள் என்று எல்லோரும் கொண்டுவந்ததில் அலமாரி நிறைந்துவிட்டது. எந்திரத்தின் விலை அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. எனக்கு மனசு குளிர்ந்தது, அதை மறைப்பானேன்.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் மறுபடி எந்திரத்தைத் தொட்டேன். தித்தீனாவுக்கு முதல் கோப்பை. வாயில் வைத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"சோப்பு வாடை அடிக்குதே."

காபிச் சாமானுக்கு நாங்கள் யாரும் சோப்பு காட்டமாட்டோம், ருசி செத்துவிடும். பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

"எதைக் கழுவுனீங்க?" என்றாள். "சொல்லுங்க, என் வீட்டுல எதைக் கழுவுனீங்க?"

அவள் கைப்பிடியைப் பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள். கோப்பையை வைத்துவிட்டுக் கீழே பாருக்குப் போனாள். அங்கே ஒரு காபி வாங்கி வாயைக் கழுவிவிட்டுத்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாளாம்.

அவள் தம்பியைக் கொன்றவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் கணக்கு தப்பவில்லை ஐயா. அவள் பாரில் கொடுத்த அந்த ஒரு யூரோ இருபதைத் தவிர, எதுவும் வீணாகவில்லை.