மார்லிஸின் மூக்கு

ஒயினைக் காலை உணவுக்கு முன்பு சுவைத்துப் பார்ப்பதுதான் சரி. காபி பட்ட நாக்கு பொய் சொல்லும். தென் ஆஸ்திரேலியாவில் எங்கள் பரோசா பள்ளத்தாக்கில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் தங்கை மார்லிஸும் எழுந்ததும் நேரே பீப்பாய்க் கொட்டகைக்குப் போய்விடுவோம்.

நீங்கள் எரிவாயு சிலிண்டரைப் பற்றித்தான் கேட்டீர்கள், சார்ஜென்ட். அதற்கு வருகிறேன். நீங்கள் வாசித்துக் காட்டிய அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது. ‘இறந்தவருக்கு மோப்ப சக்தி குறைந்திருந்தது’ என்று இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

எங்கள் நோஸ்கே குடும்பம் செய்வது ஒரே ஒரு ஒயின். ஷிராஸ், கிரனாஷ், மட்டாரோ என்ற மூன்று வகைத் திராட்சையும் சேர்ந்த கலவை. கறுப்பை எட்டிப் பார்க்கும் சிவப்பு. ஆட்டுக்கறிக்கு முன்னால் தலை குனியாத ஒயின். எதில் எவ்வளவு என்று முடிவு செய்து கலந்து, ஓக் பீப்பாயில் அடைத்து, இரண்டு குளிர்காலம் கிடத்துவோம். பீப்பாய் தன் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். குறைந்ததை நிரப்பி அடைப்பானை இறுக்க வேண்டும். மேலே இடம் விட்டால் காற்று புகும். காற்று புகுந்தால் காடிதான் மிஞ்சும். மூடி வைப்பதைக் கொடுமை என்று வெளியாட்கள் நினைக்கலாம். எங்களுக்கு அதுதான் பராமரிப்பு.

கலப்பது என் வேலை. பல போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு குளிர்காலத்தில் கடுமையான ஃபுளு வந்து படுத்தேன். தேறி எழுந்த பிறகு ஒருநாள், மார்லிஸ் ஓடிவந்து கருகிய ரொட்டியை எடுத்து ஜன்னல் வழியே வீசினாள்.

“பக்கத்துலயேதானே உக்காந்திருக்கே, எக்கி? மூக்கை எங்கயாவது அடகு வச்சுட்டியா?”

நானும் சிரித்தேன். கண்ணுக்குத் தெரிந்த புகை மூக்குக்குத் தெரியவில்லை. போன மோப்பம் பிறகு திரும்பவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. மூக்குப் போன கலவைக்காரனுக்காக இந்த ஊர் ஓர் அறுவடை வரை பரிதாபப்படும். அடுத்த அறுவடைக்கு அவன் பெயரை மறந்துவிடும்.

மார்லிஸ் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தாள். கொட்டகை வாசலில் நின்றே எந்த வரிசையில் அடைப்பான் தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவள் அவள். அதுவரை அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. நான் கேட்கத் தொடங்கினேன். மாணவியைச் சோதிக்கும் வாத்தியார் போல, “உனக்கு என்ன தோணுது?” என்பேன். அவள் சொன்னதை நான் வியாபாரிகளிடம் என் வாயால் சொன்னேன். அந்தக் கலவைக்குத் தங்கப் பதக்கம் வந்தது.

அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனதுதான் சிக்கல். தேவாலய விருந்தில் எல்லோர் எதிரிலும், “அந்த மட்டாரோவைக் குறைக்கச் சொன்னது நான். பதக்கத்தை மட்டும் இவன் கழுத்துல மாட்டிக்கிட்டான்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், “அப்போ எங்க கொட்டகைக்கும் ஒருநாள் வாங்களேன், மார்லிஸ்” என்றார். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அது காற்று புகும் சத்தம் போலக் கேட்டது.

சுவைப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஊற்றுகிறவர் சுவைக்கக் கூடாது. சுவைக்கிறவர் திரும்பி நிற்க வேண்டும். கோப்பையின் அடியில் சுண்ணாம்புக் கட்டியால் பீப்பாயின் அடையாளம் எழுதியிருக்கும். சொல்லி முடித்த பிறகுதான் கவிழ்த்துப் பார்க்கலாம். ஊற்றுகிறவன் நான். அடையாளத்தை மாற்றி எழுதுவது மிகச் சுலபம்.

எப்போதும் மாற்றவில்லை. அப்படிச் செய்தால் சந்தேகம் வரும். எப்போதாவது மட்டும், அதுவும் அவள் மிக உறுதியாக இருக்கும் நாட்களில். முதல் தடவை, “அட, என்னை ஏமாத்திடுச்சே!” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. பிறகு கோப்பையை முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். “வயசாகுது, மார்லிஸ். எல்லாருக்கும் வர்றதுதான்” என்று ஆறுதல் சொன்னேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னதையே வைத்துத்தான் ஒவ்வொரு ஆண்டும் கலந்தேன். ஒருமுறைகூட அது பிசகவில்லை.

பக்கத்து ஊர் அழைப்புகளுக்கு அவளே மறுப்புச் சொன்னாள். நான் அவளை எங்கும் பூட்டி வைக்கவில்லை. கதவுகள் எல்லாம் திறந்துதான் இருந்தன. பால் ஜாடியைக்கூட என்னிடம் நீட்டி, “கெட்டுப்போச்சா பாரு, எக்கி. என் மூக்கை நம்ப முடியலை” என்பாள். நான் முகர்வதுபோல் செய்து, நல்லாத்தான் இருக்கிறது என்பேன். சில நாள் இருவருக்கும் வயிற்றைக் கலக்கும். நானும் வெளியே போக முடியாதவன்தான். கதவைக் காவல் காப்பவனால் கதவை விட்டு நகர முடிகிறதா?

நைரி நியூசிலாந்துக்காரி. ஹாக்ஸ் பேயில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவள். போன ஆண்டு பழைய பீப்பாய் வாங்க வந்தபோது தன் ஒயின் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். காபித் தட்டோடு கடந்துபோன மார்லிஸ், “இதோட அடைப்பான் கொஞ்ச நாள் தளர்ந்து கிடந்திருக்கு போல” என்று சொல்லிவிட்டு, உடனே மன்னிப்பும் கேட்டாள். நைரி ஊருக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். அது உண்மை.

அதனால்தான் இந்த முறை கடல் தாண்டி வந்தாள்.

“சுத்தி வளைக்காம கேக்குறேன், எக்கர்ட். மார்லிஸை எங்க கலவைக்காரியா கூட்டிட்டுப் போகலாம்னு வந்திருக்கேன்.”

“பாவம், அவளுக்கு இப்போ முன்ன மாதிரி இல்லை. இல்லாத வாசனையெல்லாம் வருதுங்கிறா.”

“அதை அவங்களே சொல்லட்டுமே” என்றாள் நைரி. காலை வெளிச்சத்தில் புதுக் கலவையைக் கோப்பையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று விடிந்ததும் சமையலறை சிலிண்டரை மாற்றியவன் நான்தான். ஸ்பேனரைத் தேடாமல் கையாலேயே முடுக்கினேன். எப்போதும் அப்படித்தான். பிறகு குழாயருகே முகர்ந்து பார்ப்பது ஒரு காலத்தில் மார்லிஸின் வழக்கம். எப்போதோ விட்டுவிட்டாள்.

அவள் ஏப்ரனைப் பிசைந்துகொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

“எக்கி, அடுப்படியில கேஸ் நெடி அடிக்கிற மாதிரி இருக்கு. எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ. ஒரு எட்டு வந்து பாரேன்.”

நைரி பாதி எழுந்தாள். “நானும் வரவா?”

“உக்காருங்க. இது தினமும் நடக்குறதுதான்” என்றேன்.

சமையலறை வாசல்வரை போனேன். வாசற்படியைத் தாண்டவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். மார்லிஸ் என் முகத்தையே பார்த்தாள், கோப்பையைக் கவிழ்க்கும்போது பார்ப்பாளே, அதேபோல. அவளோடு கொட்டகைக்குத் திரும்பி வந்து, நைரியின் காதில் விழும்படி சொன்னேன்:

“எனக்கு ஒரு வாசனையும் வரலையே, மார்லிஸ்.”

“அப்போ நான்தான்” என்று சிரிக்கப் பார்த்தாள். “மன்னிச்சுக்கோங்க, நைரி. இந்த மூக்கை நம்பியா இவ்வளவு தூரம் வந்தீங்க? இருங்க, காபியாவது ஒழுங்கா போட்டுக் கொண்டு வர்றேன்.”

நைரி தலை குனிந்து கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த முகத்தில் பரிதாபம் வந்துவிட்டது. இனி அவள் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. மட்டாரோவின் அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஒரு வாய் எடுத்து, கொப்பளித்து, வாளியில் துப்பினேன். அதற்குள் மார்லிஸ் தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள்.

நைரி உங்களிடம் விபத்து என்று சொன்னது இயல்புதான். அவள் கேட்டதும் பார்த்ததும் அவ்வளவுதான்.

என் தங்கையின் மூக்கு ஒருநாளும் தவறியதில்லை என்று உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த ஒருவன் நான். ஆகவே அவள் வாசலில் வந்து சொன்ன நொடியிலேயே, சமையலறையில் வாயு கசிகிறது என்பது, நானே முகர்ந்ததைவிட உறுதியாக எனக்குத் தெரியும். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நைரியும் வந்து முகர்ந்திருப்பாள். எல்லாமே திறந்துகொண்டிருக்கும். மார்லிஸ் போயிருப்பாள். தெரிந்துதான் அவளை அடுப்புக்கு அனுப்பினேன்.

இரண்டு குளிர்காலம் கிடந்த அந்தக் கலவையை இந்த மாதம் குப்பியில் அடைக்க வேண்டும். அது எப்படி இருக்கிறது என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள், சார்ஜென்ட். அவளுக்கு மோப்பம் கடைசிவரை சரியாக இருந்தது. இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை என்றுதான் அன்று சொன்னேன். என் தங்கையிடம் நான் பொய் சொல்லவில்லை.