உள்பக்கம் திரும்பிய நான்கு எண்கள்

எழுதுவதற்கு ஓர் ஆளை உட்கார வைக்கிறேன் என்றீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. வேண்டாம். என் எழுத்து மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது.

நேற்று நீங்கள் நீட்டிய காகிதத்துக்குச் சம்மதித்திருந்தால் இந்நேரம் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பேன். விபத்துதானப்பா, போய் வேலையைப் பார் என்றீர்கள். அந்தக் காகிதத்தில் மூன்றாவது வரி சரியில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் டயரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டயர் என்றால் தேய்ந்துதான் சாகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கார் டயர் தேயும், லாரி டயர் தேயும். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வீட்டு வண்டி இருக்கிறதே, கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்த ட்ரெய்லர், அதன் டயர் தேய்வதற்கு முன்னாலேயே செத்துவிடும். வருஷத்தில் பத்து மாதம் ஒரே இடத்தில் நிற்கும். வெயில் ஒரே பக்கமாக அடிக்கும். மொத்தப் பாரமும் ஒரே இடத்தை அமுக்கும். ரப்பர் உள்ளுக்குள் காய்ந்துபோகும். மேலே பார்த்தால் பள்ளங்கள் ஆழமாக, நேற்று வாங்கியது போல் இருக்கும். பக்கவாட்டில் விரலை வைத்து அழுத்தினால்தான் பாத வெடிப்பு மாதிரி மெல்லிய கீறல்கள் தெரியும். எங்காவது புடைத்திருந்தால் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். கீறலைப் பாலிஷ் போட்டு மறைக்கலாம். மறைக்க முடியாதது பக்கவாட்டில் மேடாக அச்சிட்டிருக்கும் நான்கு எண்கள். முதல் இரண்டு, எந்த வாரத்தில் செய்தது. அடுத்த இரண்டு, எந்த வருஷத்தில். ட்ரெய்லர் டயருக்கு ஐந்து வருஷம், மிஞ்சினால் ஆறு. அதற்குமேல் ஓர் அடிகூட ஓடாமல் கிடந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

அந்த நான்கு எண்களும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். இதையும் நினைவில் வையுங்கள்.

நான் டயர் கடையில் முப்பத்தொரு வருஷமாக இருக்கிறேன். நாற்பத்தாறு வயதுவரை எனக்கு எழுத்து தெரியாது. வீட்டில் ஒருத்தரைத்தான் படிக்க வைக்க முடிந்தது. அக்கா பள்ளிக்கூடம் போனாள், நான் செங்கல் சுமந்தேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளையெல்லாம் அக்காதான் எனக்கு வாசித்துச் சொல்வாள். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, நூலகத்தின் பின் அறைக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். டயரில் எழுத்தெல்லாம் மேடாக இருக்கும். தடவித் தடவியே பழகினேன். கண்ணுக்கு வருவதற்கு முன் எனக்குப் படிப்பு விரலுக்கு வந்துவிட்டது.

அக்காவின் கணவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். பெரிய அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பட்டம் வாங்கியவர், இரண்டையும் கண்ணாடி போட்டு வாசலுக்கு நேரே மாட்டி வைத்திருப்பவர். நான் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்று அக்கா சொன்ன நாளிலிருந்து என்னைப் புலவரே என்றுதான் கூப்பிட்டார். தட்டைக் கழுவி வையுங்க புலவரே. பெட்டியைத் தூக்குங்க புலவரே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். முற்றத்தில் அவருடைய ட்ரெய்லர் நின்றது. நான் குனிந்து டயர் எண்ணைப் படித்தேன். ஏழு வருஷம் தாண்டியிருந்தது.

"அத்தான், இத மாத்திடுங்க. ஏழு வருஷம் ஆச்சு."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து டயர் பள்ளத்தில் செருகினார். "காசு முங்குது பாருய்யா. இதுக்கா வயசாயிடுச்சு?"

"வயசு எழுதியிருக்கு அத்தான். இங்க பாருங்க."

அவர் பார்க்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா, நம்ம புலவர் டயருக்குப் பொறந்த தேதி கண்டுபிடிச்சிருக்கார். கேக் சொல்லிரலாமா?"

சிரித்தார்கள். பதினொரு பேர். அக்காவும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி, போட்டிருந்த பச்சை வளையல், எல்லாம் இன்றைக்கும் நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் அவரே ட்ரெய்லரை எங்கள் கடைக்கு இழுத்து வந்தார். காரில் இருந்து இறங்காமலே பேசினார். "உங்க அக்கா உசுர வாங்கறா. டயர மாத்தாம வண்டிய எடுக்க விடமாட்டேங்கறா. தம்பி சொன்னான், தம்பி சொன்னான்னு ஒரே பாட்டு. மாத்தித் தொலை. நான் சாயங்காலம் வரேன்."

நான் சொன்னது நடந்துவிட்டது, அத்தோடு என் மனம் ஆறியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். ஆறியும்விட்டது. ஆனால் காரைத் திருப்பும்போது கண்ணாடியை இறக்கி, "நல்லா எழுத்துக் கூட்டிப் படிச்சுப் போடுங்க புலவரே" என்றார். சக்கரத்தின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் சிரித்தான்.

நான் படித்துத்தான் போட்டேன்.

கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அதே அளவில் இரண்டு டயர் கிடந்தன. யாரோ வரவழைக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போனவை. ஒரு நாளும் சாலையைப் பார்க்காதவை. புது டயரில் சின்னச் சின்ன ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும், அதுகூட உதிரவில்லை. வயது பன்னிரண்டு. முதலாளி சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டு, வெட்டிப் போடச் சொல்லியிருந்தார். எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

குறியை ஈரத் துணியால் துடைத்தேன். பாலிஷ் போட்டேன். எண் இருக்கிற பக்கம் உள்ளே போகும்படி மாட்டினேன். மற்றபடி வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. காற்றைச் சரியாக அடித்தேன். நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக, முறைப்படி முறுக்கினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

சாயங்காலம் வந்தார். காசை எடுத்துச் செருகினார். முழுசாக முங்கியது. "புதுசுதானே?"

"ஓர் அடிகூட ஓடாதது அத்தான்."

"அப்படிப் போடு."

இதில் நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டம் வாங்கியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரில் இருந்த எழுத்தையெல்லாம் பார்த்தார். எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது.

அப்போதுதான் காரின் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு அக்கா இறங்கினாள். முட்டி வலியால் அவள் இந்தத் தடவை பயணத்துக்குப் போகமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"ஊசி போட்டுக்கிட்டேன்டா. கடலைப் பாத்து எவ்வளவு நாளாச்சு." சொல்லிக்கொண்டே குனிந்து டயரைத் தடவினாள். "எங்கடா அந்த நம்பர்? காட்டேன், நானும் படிக்கிறேன்."

"அது உள்பக்கம் இருக்குக்கா."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்பச் சரி. நீ படிச்சாப் போதும்."

ஜாக்கி என் காலடியிலேயே கிடந்தது. இரண்டு சக்கரத்தையும் கழற்றி மாற்ற நாற்பது நிமிஷம் ஆகும். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா காரில் முன்னால்தானே உட்காருவாள், வெடிக்கப் போவது பின்னால் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இறக்கத்தில் ட்ரெய்லர் டயர் வெடித்தால் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும் என்பது முப்பத்தொரு வருஷம் கடையில் இருந்தவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அக்கா கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

மூன்றாம் நாள், மலை இறக்கத்தில், நடுப்பகலில் வெடித்தது. இடது பக்க டயர். கார் பாறையில் இடித்ததும் இடது பக்கம்தான். அந்தப் பக்கம்தான் அக்கா இருந்தாள். அங்கேயே போய்விட்டாள். அத்தானுக்கு இடுப்பெலும்பு மட்டும் உடைந்தது.

நீங்கள் கிழிந்த டயரைப் புரட்டி எண்ணைப் படித்துவிட்டுத்தான் என்னைத் தேடி வந்தீர்கள். உங்கள் வேலையை நீங்கள் ஒழுங்காகச் செய்தீர்கள். அத்தான்தான் கெடுத்தார். ஆஸ்பத்திரியில் நானும் பக்கத்தில் நிற்கும்போதே, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி உங்களிடம் சொன்னார்: "அவனை விட்டுடுங்க சார். அவனுக்குப் படிக்க வராது. ஏதோ ரெண்டு எழுத்து கூட்டுவான். புலவர்னு நாங்க சும்மா விளையாட்டுக்குக் கூப்பிடுவோம். அவனுக்கு என்ன தெரியும், பாவம்."

நீங்கள் தலையாட்டினீர்கள். என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். நேற்றுக் காகிதம் தயாராகிவிட்டது. மூன்றாவது வரி இது: எழுதப் படிக்கத் தெரியாத காரணத்தால், டயர் தயாரிக்கப்பட்ட ஆண்டை அறியாமல் பொருத்திவிட்டேன். பேனா உங்கள் பையிலேயே இருந்தது. மைப்பெட்டியைத்தான் என் பக்கம் தள்ளினீர்கள், பெருவிரலுக்கு.

அக்காவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவள் என்னை நம்பினாள், அவளுக்கு உண்மை சேர வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆகையால் எழுதிக்கொள்கிறேன். இடது டயர் பதினேழாவது வாரம். வலது டயர் நாற்பத்தோராவது வாரம். வருஷம் இரண்டுக்கும் ஒன்றே, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. மாட்டுவதற்கு முன்னால் இரண்டையும் வாய்விட்டுப் படித்தேன், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. எங்கேயும் தடுமாறவில்லை.

இதற்கு ஒரு நகல் எடுத்து அத்தானிடம் கொடுத்துவிடுங்கள். யாரும் படித்துக்காட்ட வேண்டாம், அவரே படிக்கட்டும். கீழே இருப்பது கைநாட்டு இல்லை, என் கையெழுத்து என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.